பேட்ஜைப் பார்த்து வயசைச் சொல்லாதீர்கள்

பழைய அமெரிக்க டிரம்ஸ் வாங்கவும் விற்கவும் தொடங்கியிருக்கும் தமிழ் டிரம்மர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களில் பாதிப் பேர் கோயில் கொடையிலும் கல்யாண வரவேற்பிலும் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்து வளர்ந்தவர்கள். வாடகைக்கு எடுத்த செட், ஓட்டை விழுந்த ஹெட்டில் ஒட்டிய பிளாஸ்திரி, நடுப்பாட்டில் நகர்ந்து ஓடும் பேஸ் டிரம், எல்லாம் உங்களுக்குத் தெரியும். இப்போது வேலை நிமித்தம் அமெரிக்காவிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறீர்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும், சின்ன வயசில் இசைத்தட்டு உறையில் மட்டும் பார்த்த லட்விக்கையும் ஸ்லிங்கர்லேண்டையும் தேடி வாங்குகிறீர்கள். நல்ல காரியம். நானும் அந்தக் கூட்டம்தான்.

ஆனால் எனக்கு வரும் செய்திகளைப் பாருங்கள். ஒரே ஒரு படம், பேட்ஜை மட்டும் கிட்டத்தில் எடுத்தது. கீழே ஒரு வரி: “அண்ணே, இது எந்த வருஷம்?” அல்லது விற்பவர் போட்ட விளம்பரத்தை அப்படியே அனுப்பி, “1964 லட்விக்னு சொல்றார், ரிங்கோ வாசிச்ச அதே வருஷம், வாங்கலாமா?” ஹெட்டைக் கழற்றி உள்ளே படம் எடுத்து அனுப்புங்கள் என்றால் பாதிப் பேருக்குக் கோபம் வருகிறது. மீதிப் பேர், “விற்கிறவர் கழற்ற விட மாட்டேங்கிறார்” என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்த மடல். லட்விக்கைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன். நீங்கள் வாங்குவதில் முக்கால்வாசி அதுதான்.

முதலில் அந்த 1964 என்ற எண்ணைப் பற்றி. அந்த ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததை அமெரிக்காவில் சுமார் 7.3 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பேஸ் டிரம்மின் முன்முகத்தில் குழுவின் பெயருக்கு மேலே ‘லட்விக்’ என்று எழுதியிருந்தது. அதன்பின் சிகாகோவில் டேமன் அவென்யூவில் இருந்த லட்விக் தொழிற்சாலையில் இரவு பகலாக வேலை நடந்தது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் பையன்கள் குழு ஆரம்பித்தார்கள், அப்பாக்கள் டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். ஆகவே அறுபதுகளின் நடுப்பகுதி லட்விக் அபூர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய டிரம்களிலேயே அதிகமாகக் கிடைப்பது அதுதான். விளம்பரத்தில் வரும் 1964 பெரும்பாலும் விலையை ஏற்றப் போடும் எண். நாலு வருஷம் முன்பின்னாக எது கிடைத்தாலும் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோவின் முதல் லட்விக் 1963-இல் வாங்கியது. லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் ஐவர் ஆர்பிட்டர் நடத்திய டிரம் சிட்டி என்ற கடையில். எட் சல்லிவன் மேடைக்கு அவர் லண்டனிலிருந்து கொண்டுபோனது ஸ்நேர், சிம்பல்கள், பெயர் எழுதிய அந்த முன் ஹெட், இவ்வளவுதான். மீதி டிரம்களை நியூயார்க்கில் ஒரு கடையிலிருந்து வரவழைத்தார்கள். உலகமே பார்த்த அந்த செட்டே, நம் பேச்சில் சொன்னால், கலப்பு செட்! அந்த ஸ்நேரை மட்டும் அடுத்தடுத்த செட்களிலும் அவர் தொடர்ந்து வைத்துக்கொண்டார். முதல் செட் 2015 டிசம்பரில் ஏலத்தில் சுமார் 21 லட்சம் டாலருக்குப் போனது. அதிலிருந்து ‘ரிங்கோ’ என்ற சொல் இல்லாமல் கறுப்பு முத்து நிற லட்விக் விளம்பரம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

சரி, பேட்ஜுக்கு வருவோம். பேட்ஜ் பொய் சொல்வதில்லை. அதற்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வில்லியம் எஃப். லட்விக்கும் அவர் தம்பி தியோபால்டும் 1909-இல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி லட்விக் அண்ட் லட்விக். 1929-இல் அது கான் என்ற பெரிய கம்பெனிக்குக் கைமாறி, வேலை இண்டியானாவில் எல்க்ஹார்ட்டுக்குப் போய்விட்டது. மூத்த லட்விக்குக்குத் தன் பெயரையே தன் டிரம்மில் போட உரிமை இல்லாமல் போனது. 1937-இல் அவர் மறுபடி சிகாகோவில் புதுக் கம்பெனி தொடங்கி, தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்து டபிள்யூ.எஃப்.எல். என்று பெயரிட்டார். 1955-இல்தான் பழைய பெயரைத் திரும்ப வாங்க முடிந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் இரண்டு பெயரும் சேர்ந்து வரும் பேட்ஜ்கள் உண்டு. 1960 வாக்கில், மேலே அகன்று கீழே குறுகும் கீஸ்டோன் வடிவப் பித்தளை பேட்ஜ் வந்தது. 1969-70 வாக்கில் அது போய், நீலமும் ஆலிவ் பச்சையுமான நீள்சதுர பேட்ஜ் வந்தது. 1981-இல் கம்பெனி செல்மருக்கு விற்கப்பட்டது, 1984-இல் தொழிற்சாலை வட கரோலினாவில் மன்ரோ என்ற ஊருக்குப் போனது.

ஆக, கீஸ்டோன் பேட்ஜைப் பார்த்ததும் நீங்கள் சொல்லக்கூடியது “ஏறத்தாழ அறுபதுகள்”. அதற்கு மேல் ஒரு படி இறங்க சீரியல் நம்பர் கைகொடுக்கும். 1963-இன் கடைசிவரை லட்விக் பேட்ஜில் நம்பரே கிடையாது. நம்பர் இல்லாத கீஸ்டோன் என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. இது உருப்படியான தகவல்.

நம்பர் இருந்தால்தான் தொல்லை. நம்பர் சின்னது என்றால் பழசு, பெரியது என்றால் புதுசு என்று நினைக்கிறீர்கள். மொத்தப் போக்கில் அது சரி. ஆனால் நம்பர் அடித்த பேட்ஜ்கள் தொழிற்சாலைக்குப் பெட்டி பெட்டியாக வந்தன. கையை விட்டு எடுத்ததை மாட்டினார்கள், வரிசை பார்க்கவில்லை. கட்டாக வந்த சினிமா டிக்கெட்டை நடுவிலிருந்து கிழித்துக் கொடுப்பதுபோல. ஒரே நாளில் ஒரே கடைக்குப் போன ஒரு செட்டில், பேஸ் டிரம்முக்கும் டாமுக்கும் ஆயிரக்கணக்கில் நம்பர் வித்தியாசம் இருக்கலாம். அது திருட்டு செட் என்று அர்த்தமில்லை. அதேபோல அடுத்தடுத்த நம்பர் இருப்பதால் மட்டும் அது ஒரிஜினல் செட் ஆகிவிடாது.

அப்படியானால் நம்பரை ஆண்டாக மாற்றும் அட்டவணைகள் எங்கிருந்து வந்தன? கம்பெனி கொடுத்ததல்ல. ரிச்சர்ட் கில்பின் போன்ற ஆர்வலர்கள் நூற்றுக்கணக்கான டிரம்களின் பேட்ஜ் நம்பரையும், அதே டிரம்மின் உள்ளே அடித்த தேதி முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து, இந்த நம்பர் இந்தக் காலம் என்று ஊகித்தார்கள். பொறுமையான, மரியாதைக்குரிய வேலை. அந்த அட்டவணை ஒரு வீச்சைச் சொல்லும்: இன்ன நம்பர் என்றால் இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுக்குள் இருக்கலாம் என்று. நீங்கள் அதிலிருந்து ஒரு ஆண்டை மட்டும் கிள்ளி எடுத்து விளம்பரத்தில் போடுகிறீர்கள். கில்பினே பார்த்தால் வருத்தப்படுவார்.

இன்னொன்று. பேட்ஜ் கழற்றக் கூடியது. காற்றுத் துளையில் ஒரு சின்ன உலோக வளையத்தால் பிடித்திருக்கும், அவ்வளவுதான். நகல் பேட்ஜ்கள் விலைக்கே கிடைக்கின்றன. உண்மையான பேட்ஜை உடைந்த டிரம்மிலிருந்து எடுத்து வேறொன்றில் மாட்டவும் முடியும். டிரம்மில் எது எளிதில் இடம் மாறுமோ அதற்குக் கடைசி மதிப்பு, எது இடம் மாறவே முடியாதோ அதற்கு முதல் மதிப்பு. இந்த ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொண்டால் என் வேலை முக்கால்வாசி முடிந்தது.

இடம் மாற முடியாதது ஷெல். அதனால்தான் ஹெட்டைக் கழற்றச் சொல்கிறேன்.

கழற்றுவது பெரிய வித்தையில்லை. எதிரெதிர் ராட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், ஒன்றை மட்டும் முழுசாகத் திருகி எடுத்தால் ரிம் கோணும். ஹெட்டை எடுத்ததும் மூக்கை உள்ளே விடாதீர்கள், ஐம்பது வருஷத் தூசி. ஒரு டார்ச்சை ஷெல்லின் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள்.

முதலில் கண்ணில் படுவது உள்பூச்சு. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் லட்விக் உள்ளே வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். அதன்பின் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கருங்கல் போலிருக்கும் ரெஸகோட் என்ற பூச்சு. 1968 வாக்கிலிருந்து மரம் தெரியும்படி தெளிந்த வார்னிஷ். இந்த மாற்றங்கள் ஒரே நாளில் நடக்கவில்லை, பழைய சரக்கு தீரும்வரை இரண்டும் கலந்தே வெளிவந்தன. ஆனாலும் “1964” என்று விளம்பரம் செய்த டிரம்மின் உள்ளே பளபளவென்று மேப்பிள் மரம் தெரிந்தால், பேரம் பேசுவதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்க வேண்டும்.

அடுத்தது முத்திரை. அறுபதுகளின் லட்விக் ஷெல்களில் பலவற்றின் உள்ளே ரப்பர் ஸ்டாம்பால் தேதி அடித்திருப்பார்கள். பெரும்பாலும் சிவப்பு மை. மூன்றெழுத்தில் மாதம், பிறகு நாள், பிறகு ஆண்டு. நேராக இருக்க வேண்டுமென்ற சட்டமில்லை. தலைகீழாக இருக்கும், சாய்ந்து இருக்கும், ஸ்டாம்ப் பாதி பதிந்து மாதம் மட்டும் தெரியும், லக்கின் திருகுக்கு அடியில் ஆண்டின் கடைசி எண் மறைந்திருக்கும். சாம்பல் பூச்சில் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிட்டால் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அதற்குத்தான் சாய்வு வெளிச்சம். எல்லா டிரம்மிலும் முத்திரை இருக்கும் என்று எண்ணாதீர்கள். இல்லை என்பதால் போலியும் இல்லை.

முத்திரை இருந்தாலும் ஒரு கணக்கு உண்டு. அது ஷெல் உருவான காலத்தைச் சொல்கிறது. பேட்ஜும் லக்கும் மாட்டி, செட்டாகச் சேர்த்து, கடைக்கு அனுப்பி, ஒரு பையனின் அப்பா வாங்கியது அதற்குப் பிறகு. ஆண்டுக் கடைசியில் முத்திரை விழுந்த டாம், அடுத்த வருஷம் விற்றிருக்கலாம். ஆகவே முத்திரை சொல்வது “இதற்கு முன்னால் இல்லை” என்பதை. வாங்கியவரின் குடும்பத்தில் பழைய ரசீது இருந்தால் அது சொல்வது “இதற்குப் பின்னால் இல்லை” என்பதை. இரண்டும் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி.

மூன்றாவது, ஷெல்லின் கட்டு. எழுபதுகளின் நடுவரை லட்விக்கின் சாதாரண மர ஷெல் மூன்றடுக்கு. நடு அடுக்கு பாப்லர் மரம், ஷெல்லின் மொத்தத் தடிமன் குறைவு. அதனால் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் உள்பக்கமாக ஒரு மரப் பட்டை ஒட்டி வலுவூட்டியிருப்பார்கள். பிறகு ஆறடுக்கு ஷெல் வந்தது, பட்டை தேவைப்படவில்லை. விளிம்பில் விரலை வைத்துத் தடவினாலே பட்டை தட்டுப்படும். கீஸ்டோன் பேட்ஜும் பட்டையில்லாத ஆறடுக்கு ஷெல்லும் ஒன்றாக வந்தால், பேட்ஜ் எங்கிருந்தோ வந்தது, அல்லது டிரம் அண்மைக்காலத் தயாரிப்பு. லட்விக்கே இப்போது பழைய தோற்றத்தில் புதுசு செய்து விற்கிறது என்பதை மறக்க வேண்டாம். நல்ல டிரம்கள்தான், பழசு இல்லை.

இங்கே ஒரு வேண்டுகோள், கொஞ்சம் கோபத்தோடு. வாங்கிய கையோடு உள்பக்கத்தைச் சுத்தம் செய்யாதீர்கள்! ஒரு கடையில் பார்த்தேன், பெயர் வேண்டாம். வேலைக்காரப் பையன் தின்னரில் துணியை நனைத்து சாம்பல் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே, “பாருங்க, எவ்வளவு அழுக்கு” என்றார். அந்த டிரம்மின் பிறப்புச் சான்றிதழ் அந்தத் துணியில் போய்விட்டது என்று சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது. நம் ஆட்களிலும் சிலர், மினுமினுப்பு வேண்டுமென்று உள்ளே வார்னிஷ் அடிக்கிறீர்கள், விளிம்பை இழைக்கிறீர்கள், டாம் ஸ்டாண்டுக்குப் புதுத் துளை போடுகிறீர்கள். உங்கள் டிரம், உங்கள் உரிமை. ஆனால் அதன்பின் அதைப் பழைய டிரம் என்று சொல்லி விற்க உரிமையில்லை.

உலோகத்துக்கு ஒரு காந்தம் போதும், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தமே போதும். அறுபதுகளின் முதல் சில ஆண்டுகள்வரை லட்விக் ரிம்கள் பித்தளையில் செய்து குரோம் பூசியவை, காந்தம் ஒட்டாது. பிறகு எஃகு, ஒட்டும். ரிம் கழற்றக் கூடியது என்பதால் இது துணைச் சாட்சிதான். ஆனால் சுப்ராஃபோனிக் 400 ஸ்நேர் வாங்குபவர்களுக்கு உலோகம்தான் எல்லாம். லட்விக்கின் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வரும் அந்தக் குரோம் ஸ்நேர், தொடக்கத்தில் பித்தளை ஷெல்லில் வந்தது. 1963 வாக்கில் அலுமினியக் கலவைக்கு மாறினார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது, எடையில் தெரிந்துவிடும். பித்தளை கையை இழுக்கும். கண்ணுக்கும் தெரியும்: அலுமினியத்தில் குரோம் நன்றாகப் பிடிக்காது. பல வருஷம் ஆனதும் அம்மை போட்டது போலப் புள்ளி விழும், பிறகு தோல் உரியும். பலர் இதைப் பார்த்துப் பயந்து பின்வாங்குகிறார்கள். சத்தத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. உரிந்துபோன 400 மலிவாகக் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். ஸ்நேர் கம்பியை ஏற்றி இறக்கும் லீவரையும் பாருங்கள்: அறுபதுகளில் பி-83 என்ற வகை, 1970 வாக்கிலிருந்து பி-85. ஆனால் அது இரண்டு திருகில் மாட்டியது. பழுதானால் யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

வெளியே ஒட்டியிருக்கும் முத்து நிற பிளாஸ்டிக் உறை எனக்குப் பிடித்த சாட்சி. வெள்ளை முத்து உறை வெயிலும் சிகரெட் புகையும் பட்டு மஞ்சளாகும். கிளப்களில் முப்பது வருஷம் வாசித்த செட் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். ஒரு லக்கை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். அடியில் லக்கின் வடிவத்திலேயே பழைய வெள்ளை அப்படியே இருக்க வேண்டும். அந்த நிழல் இல்லையென்றால், ஒன்று லக் இடம் மாறியிருக்கிறது, அல்லது உறையே புதுசு. பழைய முத்து உறைகள் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ், அதில் கற்பூரம் கலந்திருக்கும். விளிம்பில் லேசாக உப்புத்தாளைத் தேய்த்தால் கோயில் பிரகாரத்து வாசனை வரும். நம்மூர் மூக்குக்கு அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியே வேண்டாம். ஆனால் நெருப்பு வைத்துப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். பழைய சினிமா ஃபிலிம் எப்படிப் பற்றுமோ அப்படிப் பற்றும்.

நிறத்துக்கும் காலம் உண்டு. ஆரஞ்சும் சிவப்புமாகச் சுழன்று கண்ணைக் குத்தும் ‘மாட் ஆரஞ்ச்’, ‘சைக்கடெலிக் ரெட்’ போன்றவை அறுபதுகளின் கடைசியில் வந்தவை. அந்த நிறத்தில் 1964 செட் இருக்க முடியாது. கண்ணாடி போன்ற விஸ்டாலைட் அக்ரிலிக் டிரம்கள் வந்தது 1972-இல். லெட் செப்பெலினின் ஜான் போனம் வாசித்த ஆம்பர் நிற செட் அந்த வகைதான். அதை அறுபதுகள் என்று எழுதியவரையும் பார்த்திருக்கிறேன்!

ஹெட்டைப் பற்றி ஒரு வரி போதும். மைலர் பிளாஸ்டிக் ஹெட் சந்தைக்கு வந்தது 1957 வாக்கில், ரீமோ பெல்லி போன்றவர்களின் முயற்சியில். அதற்கு முன் கன்றுத்தோல். ஆனால் ஹெட் தேயும், மாறும். தோல் ஹெட் இருப்பதால் டிரம் பழசாகாது.

மற்ற கம்பெனிகளுக்கும் இதே முறைதான், விவரம் மட்டும் வேறு. ஸ்லிங்கர்லேண்டின் பேட்ஜில் ஊர்ப் பெயரைப் படியுங்கள். சிகாகோ என்றால் 1960-க்கு முன், நைல்ஸ் என்றால் அதற்குப் பின். அந்த ஆண்டு தொழிற்சாலை இல்லினாயின் நைல்ஸுக்குப் போனது. ஜீன் குரூப்பா வாசித்துப் புகழ்பெற்ற ரேடியோ கிங் ஸ்நேர், ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் வளைத்துச் செய்தது. உள்ளே அடுக்குகள் தெரிந்தால் அது அந்த ரேடியோ கிங் இல்லை. கிரெட்ச் என்றால் வட்ட பேட்ஜ் 1971 வாக்குவரை, பிறகு எண்கோணம். உள்ளே வெள்ளி நிறப் பூச்சு இருந்தால் நல்ல அறிகுறி. ராஜர்ஸ் டிரம்மின் உள்ளே ஒட்டிய காகித லேபிளில் கிளீவ்லேண்ட் என்றிருக்கும். தொழிற்சாலை இருந்தது ஒஹாயோவிலேயே கவிங்டன் என்ற சிற்றூரில், முதலாளி கிராஸ்மனின் கம்பெனிதான் கிளீவ்லேண்டில். 1966-இல் சி.பி.எஸ். வாங்கிய பிறகு தயாரிப்பு கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனுக்குப் போனது. லண்டன் நண்பர்களுக்கு: அறுபதுகளின் பிற்பகுதிக்கு முந்தைய பிரீமியர் டிரம்களின் ஷெல் கொஞ்சம் பெரியது. இன்றைய ஹெட் அதில் இறங்க மறுக்கும். “ஹெட் தப்பான சைஸ்” என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள், அதுவே வயசுக்கு ஒரு சாட்சி.

ஜப்பானில் செய்து அமெரிக்கப் பெயர்களில் விற்ற அறுபதுகளின் மலிவு செட்கள் தனிக் கதை. பேர்ல், ஸ்டார் போன்ற தொழிற்சாலைகள் எண்ணற்ற கடைப் பெயர்களில் அவற்றைச் செய்து அனுப்பின. லக் பார்த்தால் லட்விக் மாதிரி, அல்லது ஸ்லிங்கர்லேண்ட் மாதிரி. மரம் லுவான், பிலிப்பைன் மகோகனி என்று சொல்வார்கள். இவற்றுக்கு ஆண்டு சொல்வது கடினம், சொல்லியும் பெரிய பயன் இல்லை. என் கருத்தில், முதல் பழைய செட் வாங்குபவர் இதில் ஒன்றை வாங்கிக் கழற்றி மாட்டிப் பழகுவது நல்லது. உடைந்தாலும் மனசு உடையாது.

இப்படி ஒரு செட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேஸ் டிரம், டாம், ஃப்ளோர் டாம், மூன்றிலும் கீஸ்டோன் பேட்ஜ், மூன்றிலும் நம்பர். டாமின் உள்ளே சாம்பல் பூச்சு, 1965 மார்ச் முத்திரை. பேஸில் சாம்பல் பூச்சு, அதே ஆண்டு ஜூன். ஃப்ளோர் டாமில் தெளிந்த மரம், முத்திரை இல்லை, உறையின் மஞ்சள் மற்ற இரண்டையும்விட ஒரு படி குறைவு. நம்பர் மட்டும் பார்த்தவர் இதை ஒரே செட் என்பார். உள்ளே பார்த்தவர் சொல்வார்: இரண்டு டிரம் 1965, ஃப்ளோர் டாம் மூன்று நான்கு ஆண்டு பிந்தியது, பிறகு வந்து சேர்ந்தது. ஒருவேளை முதல் சொந்தக்காரர் தொடக்கத்தில் இரண்டு டிரம் மட்டும் வாங்கி, காசு சேர்ந்ததும் மூன்றாவதை வாங்கியிருக்கலாம். ஒருவேளை போன மாதம் வியாபாரி சேர்த்திருக்கலாம். எதுவானாலும் வாசிக்கக் குறையில்லை. விலையில் குறைய வேண்டும், விளம்பரத்தில் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “லட்விக், சிகாகோ. பேஸும் டாமும் 1965 முத்திரையுடன், சாம்பல் உள்பூச்சு, மூன்றடுக்கு, பட்டையுடன். ஃப்ளோர் டாம் முத்திரை இல்லை, தெளிந்த உள்பக்கம், சுமார் 1968-69. உறை மூன்றிலும் முதலில் ஒட்டியது. பேஸில் பிற்காலத் துளை இரண்டு. ஸ்நேர் சேராது. உள்பக்கப் படங்கள் உண்டு.” இதில் ரிங்கோ இல்லை. வாங்குபவர் முட்டாள் இல்லை, இந்த விளம்பரத்துக்குத்தான் முதலில் போன் செய்வார்.

வாங்கும் இடத்தில் இன்னொன்றும் செய்யுங்கள். விற்பவர் முதல் சொந்தக்காரர் அல்லது அவர் பிள்ளை என்றால், பணத்தை எண்ணுவதற்கு முன் பத்து நிமிஷம் பேசுங்கள். எந்த ஊர்க் கடை, பள்ளிக்கூட பேண்டில் வாசித்தாரா, எந்த வகுப்பில் படிக்கும்போது வாங்கினார்கள் என்று. மனிதர்கள் ஆண்டை மறப்பார்கள், வகுப்பை மறக்க மாட்டார்கள். டிரம் பெட்டியின் அடித்தாளைத் தூக்கிப் பாருங்கள். பழைய ரசீது, கடை ஸ்டிக்கர், நிகழ்ச்சித் துண்டறிக்கை எல்லாம் அங்கேதான் கிடக்கும். கிடைத்ததைப் படம் எடுத்து, கேட்டதை எழுதி, டிரம்மோடு வைத்திருங்கள். அடுத்த கைக்குப் போகும்போது அதுவும் போகட்டும். இன்னும் ஆழமாகப் போக ஆசைப்படுபவர்கள் ராப் குக் எழுதிய லட்விக், ஸ்லிங்கர்லேண்ட், ராஜர்ஸ் வரலாற்றுப் புத்தகங்களைப் படிக்கலாம். சிகாகோ பக்கம் இருப்பவர்கள், தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து அவர் நடத்திவந்த பழைய டிரம் கண்காட்சிக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். அங்கே தொட்டுப் பார்த்துக் கற்பதை எந்த அட்டவணையும் கற்றுத் தராது.

இனி எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் இந்த வரிசையில் அனுப்புங்கள்: ஒவ்வொரு டிரம்மின் உள்பக்கம் முழுவதும், சாய்வு வெளிச்சத்தில் நாலு பக்கமும். விளிம்பும் பட்டையும் கிட்டத்தில். ஒரு லக்கின் அடியில் உறையின் நிறம். ரிம்மில் காந்தம் ஒட்டியதா இல்லையா என்று ஒரு வரி. பேட்ஜ் கடைசியில். விற்பவர் ஹெட்டைக் கழற்ற விடவில்லையென்றால், அந்த விலைக்கு அதை வாங்காதீர்கள், எனக்கும் அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்